கௌசிகன் மெலிந்த விதம்

கலியாணம் கட்டிய காலத்தில் என் கணவருக்கு இனிப்பென்றாலே ஆகாது, டொக்டர். தேநீரைக்கூடச் சீனி போடாமல்தான் குடிப்பார். முதல் மாரடைப்பு வந்து, நீங்கள் சிகரெட்டை விடச் சொன்ன பிறகுதான் அவருடைய வாய் வேறு எதையாவது கேட்கத் தொடங்கியது.

கௌசிகன் சொன்ன சொல் தவறாதவர். அன்றோடு விட்டார். நித்திரையில்லாமல் தவித்தார், என்மேல் எரிந்து விழுந்தார், ஆனாலும் தொடவில்லை. பதிலுக்குத் தின்றார். படிப்பிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் ரோல்ஸ், மீன் பணிஸ். வீட்டுக்கு வந்தால் பிஸ்கட். அம்பிட்டிய ஏற்றத்தில் பாதியில் நின்று மதிலைப் பிடித்துக்கொள்வார்.

உங்களிடம் வந்து கேட்டேன். புகையை விட்டவர்களுக்கு எடை கூடுவது வழமை, வாவியைச் சுற்றி நடக்கட்டும், மெல்லக் குறையும் என்றீர்கள். இந்தச் சதையைவிட ஒரு சிகரெட்தான் அவருக்கு ஆபத்து என்றும் சொன்னீர்கள். எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கவில்லையென்று இப்போது சொல்லப்போவதில்லை.

அவரோடு நடந்தேன். எண்ணெயைக் குறைத்தேன். இரவில் சோற்றுக்குப் பதிலாக அவித்த பயறு கொடுத்தேன். பிஸ்கட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒருநாள் அந்த அலுமாரிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து அழுதார். குறைந்த எடையெல்லாம் திரும்பி வந்தது.

பிறகு கட்டுகஸ்தோட்டையில் ஒரு கலியாண வீடு. எங்கள் கந்தோரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த நிலூஷா அவருக்கு மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு, இவர் உங்கள் அப்பாவா என்று என்னிடம் கேட்டாள். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாள் பின்னேரம், தேநீர்த் தட்டில் ஒரு சிகரெட்டும் வைத்தேன்.

"என்ன பிரியா இது? நான் விட்டிட்டனெல்லே," என்றார்.

"ஒண்டு மட்டும். பசி அடங்கும்."

"டொக்டர் சொன்னது உமக்கும் தெரியும்."

"இந்த உடம்போடை மட்டும் கனகாலம் இருப்பியளோ?" என்று கேட்டேன். அதட்டவில்லை.

தேநீர் ஆறியது. பிறகு சிகரெட்டை எடுத்தார்.

அதன்பிறகு நானே வாங்கிவந்தேன். இடையில் இரண்டு தரம் நிறுத்தப் பார்த்தார். இரண்டு தரமும் தட்டில் வைத்தேன். சாப்பாடு குறைந்தது, தாடையெலும்பு மறுபடி தெரிந்தது. கண்டவர்களெல்லாம் நான் அவரை நன்றாகக் கவனிப்பதாகச் சொன்னார்கள். நெஞ்சு நோகிறதென்று உங்களிடம் வரவிருந்தார். வாசனையில் கண்டுபிடித்துவிடுவீர்களென்று, அடுத்த கிழமை போகலாம், அடுத்த கிழமை போகலாம் என்று தள்ளிவைத்தேன்.

செத்தவீட்டில் அவருடைய அக்கா, தம்பிக்கு மனத்திடம் இல்லாமல் போய்விட்டதே என்று சொல்லி அழுதா. நான் மறுக்கவில்லை. அத்தனை பாடுபட்டுச் சிகரெட்டை விட்டவர் ஏன் திரும்பத் தொட்டார் என்று கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று, டொக்டர். அவருடைய வாயில் நான் ஒருநாளும் சிகரெட்டை வைத்ததில்லை. நெருப்பை மட்டும்தான் பற்றவைத்துக் கொடுத்தேன்.