டேங்குக்குப் பின்னால் ஒரு தோட்டம்

"ஆ, குத்துதுடி! உயிரோடதான் இருக்குது!"

டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுப் பெண் மடியிலிருந்த கூரியர் பெட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னாடி அது?" என்றாள் தோழி.

"யூபோர்பியா. தாய்லாந்து ரகம், லேசுல கெடைக்காது. மண்ணில்லாம வெறும் வேரோட அனுப்பியிருக்காங்க. வாடியிருந்தா குத்துமா?"

"முள்ளுச்செடி வீட்டுக்கு ஆவாதுன்னு உங்க மாமியார் கத்துவாங்களே?"

"அதான் ஆபீஸ் அட்ரஸ் குடுத்தேன். முன்னாடி வாங்குனதையெல்லாம் மாடியில டேங்குக்குப் பின்னாடி ஒளிச்சி வச்சிருக்கேன்."

முதலியார்பேட்டை நெருங்கும்போது அவளுக்குப் போன் வந்தது. "சொல்லுங்கத்தை" என்றவள் பெட்டியை மூடிக்கொண்டே கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

"கண்டுபுடிச்சிட்டாங்களா?"

"டேங்குக்குப் பின்னாடி வெயிலு பத்தலையாம். எல்லாத்தையும் வாசலுக்குக் கொண்டாந்து வச்சிட்டாங்களாம். மஞ்சப் பூவுல ஒண்ணு கெடைக்குமான்னு கேக்குறாங்கடி!"