பதினாறாம் நாளுன்னு எழுதிக் குடுத்த கார்டு

"தேயிலக் கொழுந்த ஏழு நாளைக்கு ஒருக்கா பாக்குறோம், புள்ளைங்கள..." எங்க பெரியம்மா என்னமோ சொல்வாங்க லோஜன் தம்பி, மிச்சம் மறந்துபோச்சு. நான் பாத்தது அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா!

இருங்க, கார்டு அடிக்கிற மெஷின ஓட்டிறாதீங்க. மொதல்ல கேளுங்க.

போன மாசம் கட்டார்ல இருந்து ஒரேயடியா வந்துட்டேன்ல? தங்கச்சி மவளுக்குப் பூப்போட்ட கவுனோட. தோட்டத்து லயத்து வீட்டு வாசல்ல ஒருத்தி நிக்கிறா. தங்கச்சின்னு நெனச்சு, "ஏன் புள்ள இப்பிடி எளச்சுட்ட?"ன்னுட்டேன். அது அவ மவ ஜெயந்தினியாம்! பத்து வயசு! கவுனு முழங்கால்கூட எட்டல. லயமே சிரிக்குது.

போன பொதங்கெழம பெரிய மனுசி ஆயிட்டா. எங்கம்மாவுக்குப் பதினேழு, தங்கச்சிக்குப் பதினஞ்சு, இவளுக்குப் பத்தா! எல்லாம் இந்தப் பிஸ்கட்டு, ப்ராய்லர் கோழியாலதான்னு நான் கத்துறேன். பிரசவம் பாக்குற மருத்துவமாது சுகிர்தம் மிஸ் சிரிக்கிறாங்க. "அப்ப ரொட்டியும் பாலில்லாத சாயத்தண்ணியும். இப்ப வயிறு நெறைய சாப்புடுதுங்க, வெரசா வளருதுங்க. பெட்டி பெட்டியா பால்மாவு அனுப்புனது யாருங்க?"

நாந்தான்! அதுக்கென்ன?

சரி... விசயத்துக்கு வாரேன். மூலைல ஒக்கார வச்சா, தண்ணி ஊத்துற வரைக்கும் வாசப்படி தாண்டக்கூடாது. தெரியும்ல? தங்கச்சி அப்பவே கெஞ்சுனா: "அண்ணே, அஞ்சாம் நாளே ஊத்திரலாம்ணே." நான் விடுவனா? தாய்மாமன்! கட்டார்காரன்! பதினாறாம் நாளு, பதினாறு சீர்த்தட்டு, மைக்செட்டு, தோட்டத்துல வேல வாங்குற கண்டாக்கையாவுக்குச் சிங்களத்துல தனி கார்டு... ஒங்ககிட்டதான வந்து மீசைய முறுக்கிட்டு எழுதிக் குடுத்தேன்!

என்ன தம்பி, மணியப் பாக்குறீங்க? முடிச்சிட்டேன், முடிச்சிட்டேன்.

நேத்து சோறு கொண்டுபோயி வச்சேன். மூலைல பழைய வினாத்தாள விரிச்சு வச்சிக்கிட்டு கணக்குப் போடுறா. அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப்பு பரீட்சை. வார ஞாயித்துக்கெழம. எண்ணிப் பாத்தா பன்னெண்டாம் நாளு! வருசம் பூரா படிச்ச புள்ள. தங்கச்சி அதுக்குத்தான் கெஞ்சியிருக்கா, நாந்தான் முழுசா பேசவே விடல.

தல தூக்காமக் கேக்குறா: "மாமா, நான் பதினாறாம் நாள்தான் வெளிய வரணுமாம்ல. பரீட்சையையும் அன்னைக்கே வரச் சொல்லிட்டீங்களா?"

விடிஞ்சதும் ஒங்ககிட்ட ஓடியாந்துட்டேன் தம்பி.

பேனாவ எடுங்க. பதினாற வெட்டுங்க. ஒம்பதாம் நாளு, வியாழக்கெழம. மைக்செட்டு வேணாம். ஞாயித்துக்கெழம காலைல அவள நான் பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போறேன்.