காதணி விழா, இரண்டாம் பாகம்

— அதென்னங்க, ஒயரே இல்லாம அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கற படம் டிவியில வருமா?

— வரும் கலை. இந்தா பாரு, மாடிப்படிக்கடியில அது பாட்டுக்கு ஓடிட்டுக் கெடக்கும். நம்மூட்டுப் பாட்டு, போட்டோ, விசேச வீடியோ எல்லாம் அதுக்குள்ள போட்டுட்டா, இங்க டிவியில பாக்கலாம். சமையக்கட்டுல நின்னுட்டு உன் போன்லயும் பாக்கலாம்.

— நெட்டு தீந்து போச்சுன்னா?

— இதுக்கு நெட்டே வேண்டாங்கறேன். ஊட்டு வைஃபையிலயே ஓடறது. வைஃபையில இருக்கறவங்க யாரு வேணும்னாலும் எடுக்கலாம், புதுசா போட்டும் வெக்கலாம்.

— செரி, நீங்க என்னத்தப் போட்டு வெச்சிருக்கறீங்க?

— இப்போதைக்கு ஒண்ணே ஒண்ணுதான். நேத்து நம்ம சத்யா காதுகுத்து சீடிய ஏத்துனேன்.

— ஒண்ணா? இங்க ரெண்டு காட்டுதுங்களே.

— எங்க?

— இதபாருங்க. ‘காதணி விழா ஒண்ணு’. அதுக்குக் கீழ ‘காதணி விழா ரெண்டு’.

— ரெண்டாவது நான் போடல கலை. நம்மகிட்ட அந்தச் சீடியே இல்லையே.

— சத்யா ஏதாச்சும் நோண்டியிருப்பாளோ?

— அவ பள்ளிக்கூடம் போறப்ப இல்ல. இந்தா பாரு, பத்து மணிக்கு மேலதான் வந்திருக்குது. ஆரு போட்டதுன்னு இதுலயே பாக்கலாம், இரு. நம்ம டிவி. உன் போன். என்ற போன். அப்புறம் இது... ‘போர்வெல் ஆபீஸ்’.

— அதென்னங்க போர்வெல் ஆபீஸு?

— நானும் தம்பியும் ஒட்டுக்கா போர் போடற ரிக்கு வண்டி ஓட்டுனப்ப ஆபீஸ்ல வெச்சிருந்த லேப்டாப்பு. பாகம் பிரிக்கறப்ப தனபால் பங்குல போச்சு.

— அப்ப செவுத்துக்கு அக்கட்டால இருந்தா வந்திருக்குது? உங்க தம்பியா போட்டாரு?

— நம்ம வைஃபை பாஸ்வேர்டு அப்ப வெச்சதுதான். மாத்தவே இல்ல. அந்த லேப்டாப்பு தானாவே வந்து ஒட்டிக்கிச்சு போல.

— லேப்டாப்பு தானா ஒட்டிக்கும். வீடியோ தானா வந்து ஏறுமுங்களா?

— கலை, அதை அழிச்சு உட்டுடறேன்.

— ஏனுங்க, அழிக்காதீங்க! நம்ம புள்ள விசேசம். அன்னைக்குப் பங்கு பிரிக்க வந்த பெரியவங்க ஆளுக்கொரு சீடின்னு குடுத்துட்டுப் போனாங்க. ரெண்டாவதை நான் இன்னும் கண்ணுல பாக்கல.

— பாத்து என்ன ஆகப் போகுது? மொதல் சீடியோட கடைசில இருக்கறது பத்தாதா? எலை போட்டு, கறி வெச்சு, எல்லாரும் கை வெக்கப் போற நேரத்துல அவன் மட்டும் எந்திரிச்சுப் போறான். கேமராவுலயே இருக்குது. என் புள்ள காதுகுத்துல, கூடப் பொறந்தவன், பந்தியில இருந்து எந்திரிச்சான் கலை.

— அதை எத்தன தடவ போட்டுப் பாத்திருப்பீங்க? அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு பாக்க வேண்டாமா? எனக்கு மண்டை காயுது. குடுங்க ரிமோட்ட.

— நீ பாரு. நான் வெளிய போறேன்.

— போங்க. போங்க... ஏனுங்க! இங்க வாங்களேன்.

— என்ன?

— அது எங்கண்ணன் இல்லீங்களா? குமாரபாளையத்துல இருந்து தறி நிறுத்திட்டு நேரங்கழிச்சு வந்தாங்களே, அந்தச் சட்டைதான். உங்க தம்பி எந்திரிச்ச எலையில எங்க பிரபாகரண்ணன் ஒக்காருது.

— பின்னால ஓட்டு.

— இதா. இதை வேற கேமராவுல எடுத்திருக்கறாங்க. அண்ணன் எடமில்லாம தூணோரம் நிக்குது. உங்க தம்பி அதைப் பாக்கறாரு. எந்திரிக்கறாரு. தோள்ல கை வெச்சு ஒக்கார வெக்கறாரு. அய்யோ, பொண்ணுக்குத் தாய்மாமன் நிக்கறாருன்னு எந்திரிச்சிருக்கறாருங்க!

— நான் இக்கட்டால மொய்க்காரங்களோட நின்னுட்டிருந்தேன். அவன் எந்திரிச்சதுதான் தெரிஞ்சுது.

— அன்னைக்குப் பொழுதோட, அத்தன பேரு முன்னால என்ன பேச்சுப் பேசுனீங்க!

— அவன் சொல்லியிருக்கலாமல்ல? இப்படின்னு ஒரு வார்த்த?

— நீங்க கேட்டீங்களா? கேக்கலைங்க. ‘எங்க ஊட்டுச் சோறு உனக்கு எறங்காதா’ன்னுதான் ஆரம்பிச்சீங்க. அப்புறம் ரிக்கு பிரிஞ்சுது, செவுரு வந்துச்சு.

— சித்தெ சும்மா இரு கலை. அங்க பாரு. ரசவாளி தூக்கிட்டு வர்றது அவன்தான.

— அவரேதானுங்க. கடைசிப் பந்தி வரைக்கும் அவருதான் ஊத்தறாரு. எங்கண்ணன்கூட இதைச் சொல்லவே இல்ல பாருங்க.

— பிரபாகரனுக்கு என்ன தெரியும்? எடம் கெடச்சுது, ஒக்காந்தாரு.

— இப்பச் சமையக்காரங்க அடுப்பாண்ட போறாரு. எலை எடுக்கறாரு. சாப்புடத்தான் போறாருங்க! உங்க தம்பி சாப்புடாமப் போகல!

— இரு, இரு. ரெண்டு எலை விரிக்கறான்.

— ஆமாங்க. எதுக்கு ரெண்டு?

— சௌந்திரத்துக்கா இருக்கும். பொண்டாட்டியோட ஒக்காருவான்.

— இல்லீங்க. சௌந்திரம் என்கூடத்தான் மொதப் பந்தியில சாப்புட்டுது. இதபாருங்க, ரெண்டுலயும் சோறு வெக்கச் சொல்றாரு. ஒக்காந்துட்டாரு. யாரையோ தலையத் தூக்கிப் பாக்கறாரு...

— நின்னு போச்சு.

— அய்யோ, என்னங்க இது! வட்டம் சுத்துது.

— பழைய கம்ப்யூட்டரு. ரெண்டு டிவியில ஒரே நேரத்துல ஓடுனா அதுக்கு மூச்சு முட்டும்.

— நம்மூட்ல ஒரு டிவிதானுங்களே ஓடுது?

— ஏனுங்ணா! அங்கயும் நின்னு போச்சுங்களா?

— கேட்டீங்களா? செவுத்துக்கு அந்தப் பக்கம். அவருதானுங்க.

— கேட்டுது.

— அப்பப் பேசுங்க. இன்னைக்காச்சும் வாயத் தொறந்து கேளுங்க.

— தனபாலு!

— சொல்லுங்ணா.

— நின்னுதான் போச்சு. அடுப்பாண்ட ஒக்காந்திருக்கற. அன்னைக்கு நீ... சாப்புட்டயாடா?

— எங்கீங்ணா சாப்புட்டேன். அந்த இன்னொரு எலை உங்களுக்குப் போட்டது. நீங்களும் காலைல இருந்து பச்சத் தண்ணி குடிக்கலயேன்னு, வருவீங்கன்னு ஒக்காந்தே இருந்தேன்.