விவரத்தில் உள்ளபடி

வெயில் காலத்தில் யாரும் பழைய பொம்மை வாங்குவதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் சார், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டதும் ஜனங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். திரும்பி வந்து, அழுக்குத் துணியைத் துவைத்து, பிள்ளைகளின் புத்தகத்துக்கு அட்டை போட்டு முடித்த பிறகுதான் ஒரு மனிதனுக்குத் தகர வாத்து ஒன்று வேண்டும் என்று தோன்றும். அதுவரை நாங்கள் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

இணையத்தில் ஏலம் விடுவது என் தொழில். சாவி கொடுத்தால் ஓடும் பழைய தகர பொம்மைகள் மட்டும்தான் விற்கிறேன். வீட்டின் பின்னறையில் நாலு அலமாரி, படம் எடுக்க ஒரு வெள்ளைத் துணி, இரண்டு விளக்கு, பார்சல் கட்ட ஒரு மேசை. சீசனில் அந்த அறைக்குள் நடக்க இடமிருக்காது. மந்தமான மாதங்களில் என் மனைவி அங்கே துணி காயப்போடுவாள். "ஈ ஓட்டறதுக்குத் தனியா ஒரு ரூமு, அதுக்கு ரெண்டு லைட்டு வேற" என்பாள். அவள் வாய் அப்படி, மனசில் ஒன்றும் இருக்காது.

இந்த மாதங்களில் விவரம் தெரியாதவர்கள் விலையைக் குறைத்துக் கையைச் சுட்டுக்கொள்வார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. பொம்மைகளைத் துடைப்பேன், படம் எடுப்பேன், ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுதித் தளத்தில் ஏற்றிவிடுவேன். எந்தத் தேதியில் ஏலம் தொடங்க வேண்டும் என்று குறித்துவிட்டால் அன்றைக்குத் தானாகவே வெளியாகிவிடும். நாம் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை.

விவரம் எழுதுவதில் நான் ரொம்பக் கறார். நகக்கீறல் இருந்தால் நகக்கீறல் என்று எழுதுவேன். சாவி வேறு பொம்மையுடையது என்றால் அதையும் மறைக்க மாட்டேன். இத்தனை வருஷத்தில் 'சொன்னபடி இல்லை' என்று ஒருவர்கூட எனக்கு எதிராக எழுதியதில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி உங்களப் பத்தி யாராவது இப்படி ஒரு விவரம் எழுதிக் குடுத்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்று மனைவி கிண்டல் செய்வாள். எனக்கு அதிலும் பெருமைதான்.

முந்தின வருஷம் ஒரு தையல்காரர் காலமாகி அவருடைய பொம்மைகள் என்னிடம் வந்தன. 'மறைந்த சேகரிப்பாளரின் வீட்டிலிருந்து' என்று எழுதினேன். எல்லாம் பிய்த்துக்கொண்டு போயிற்று. அது நல்ல சீசன், எதைப் போட்டிருந்தாலும் போயிருக்கும் என்றாள் மனைவி. அந்த ஒரு சொல்தான் காரணம் என்றேன் நான். தொழில் செய்கிறவனுக்குத்தானே தெரியும்.

பல் டாக்டருக்கு வருகிறேன்.

என் வாடிக்கையாளர்களிலேயே தங்கமானவர் அவர். மனைவி போய்விட்டார், பல் பிடுங்குவதையும் விட்டுவிட்டார், பொம்மைகளோடு தனியாக இருந்தார். மூன்று சக்கர சைக்கிள் மிதிக்கும் தகர வாத்து ஒன்று வைத்திருந்தார், அதன் சொந்த அட்டைப்பெட்டியோடு. பெட்டியோடு கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. கேட்கும்போதெல்லாம் சிரிப்பார். "நான் போனப்புறம் நீயே எடுத்துக்க தம்பி. எம் பொண்ணுகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

இந்த வெயிலில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அவருடைய மகள் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். அப்பாவுக்கு மாற்றுத்துணி எடுக்கப் போனவள் துணைக்கு என்னையும் கூட்டிப் போனாள். அவள் உள்ளே அழுதுகொண்டே பீரோவைக் குடைந்தபோது, நான் சாப்பாட்டு மேசையில் வாத்தை வைத்துப் படம் எடுத்தேன். எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. இரண்டு படம் ஆடிப்போயிருந்ததால் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து விவரம் எழுதினேன். 'மறைந்த பல் மருத்துவரின் வீட்டிலிருந்து. சொந்தப் பெட்டியுடன். பெட்டியின் ஒரு மூலை லேசாக நைந்துள்ளது. நன்றாக ஓடுகிறது.' ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் இரண்டு நாள் தாங்குவதே கஷ்டம் என்று சொல்லியிருந்தார். துக்கமெல்லாம் முடிந்து மகள் சற்றுத் தேறட்டும் என்று ஒரு தேதியைக் கணக்குப் பண்ணிக் குறித்தேன். அவளுக்காகத்தான் அவ்வளவு தள்ளிக் குறித்தேன்.

டாக்டர் பிழைத்துக்கொண்டார். சார், நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன். ஸ்வீட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில், குறித்து வைத்த ஏலத்தை எடுக்க மறந்துவிட்டேன்.

எனக்குத் தெரிய வருவதற்குள் ஏலம் தொடங்கி, கேட்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் விலை கேட்டுவிட்டால் விவரத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது, அது தளத்தின் விதி. அதுவும் எப்படிக் கேட்டார்கள். மந்த காலத்தில், ஆளே இல்லாத மைதானத்தில், இரண்டே இரண்டு பேர் ஒருவரை ஒருவர் விடாமல் ஏற்றிக்கொண்டே போனார்கள். பெயர்களைத் தளம் மறைத்துவிடும், யாரென்று தெரியாது. 'மறைந்த' என்ற சொல்லின் மகிமையைப் பார் என்று மனைவியிடம் காட்டினேன். காய்ந்த துணியை மடித்துக்கொண்டே, "அவருதான் மறையலையேங்க" என்றாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஏலம் முடிந்தது, வாங்கியவர் பணமும் கட்டிவிட்டார். ரத்து செய்தால் என் பெயருக்குப் பக்கத்தில் காலத்துக்கும் ஒரு கறுப்புப் புள்ளி. அனுப்பினால் பொய் விவரத்தோடு ஒரு பார்சல். இரண்டும் என் வழக்கத்தில் இல்லை.

அப்போதுதான் டாக்டர் போன் செய்தார். கோபமாகத்தான் பேசினார். "என்ன தம்பி, மேசை விரிப்பப் பாத்தா நம்ம வீட்டு விரிப்பா இருக்கு. என்னைச் சாகடிச்சது கூடப் பரவால்ல. மூலை நைஞ்சிருக்குன்னு எழுதியிருக்கியே, எங்க நைஞ்சிருக்கு? வந்து காட்டு பாப்போம்."

போனேன். ஜன்னல் பக்கமாகச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார், ஆனால் முகத்தில் களை வந்துவிட்டது. மகள் மருந்துக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "வந்துடறேண்ணா, அதுவரைக்கும் அப்பாவைப் பாத்துக்குங்க" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பெட்டியின் மூலையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஆமா, நைஞ்சுதான் இருக்கு" என்று ஒத்துக்கொண்டார். நியாயமான மனிதர். பிறகு நடந்ததை எல்லாம் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார், அந்த நெஞ்சோடு.

"அட, எதுத்தாப்புல ஏத்திக்கிட்டே இருந்ததே நான்தான்யா. என்னோடதுக்கு ஜோடி ஒண்ணு வந்திருக்குன்னு நெனச்சுட்டேன். பாதி வழில மூச்சு வாங்கி விட்டுட்டேன். அப்புறந்தான் விரிப்பப் பாத்தேன். எழுதினதையெல்லாம் உக்காந்து படிச்சதும் அதுக்கப்புறந்தான்."

சிரித்து ஓய்ந்ததும் வாத்தை என் பக்கம் தள்ளினார். "எடுத்துட்டுப் போ. உம் பேரு கெட வேணாம். எனக்கு இனிமே எதுக்கு? வாங்கினவருக்கு ஒரு வரி எழுதிப் போட்டுடு, ஆளு உசுரோடதான் இருக்கேன்னு. சந்தோஷப்படுவாரு."

அப்படி ஒரு மனசு யாருக்கு வரும்? ஆனால் அவருக்கு வியாபாரம் தெரியாது. ஒரு வரி எழுதிப் போட்டால், முதலில் எழுதியது பொய் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். ஸ்பிரிங் தேயும், பொதுவாக அனுமதிக்க மாட்டேன். அவர் கேட்டதால் சாவி கொடுத்தேன். வாத்து தலையை ஆட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி மிதித்தது. டாக்டர் சின்னப் பிள்ளை போலக் கை தட்டினார். மாத்திரை போட்ட அசதியோ என்னவோ, அப்படியே கண்ணயர்ந்தார். நான் வாத்தைப் பெட்டிக்குள் வைத்து, பையிலிருந்த பபிள் ராப்பைச் சுற்றிக் கட்டினேன். சுற்றியது போக நல்ல நீளம் மீந்திருந்தது. எதையும் வீணாக்குவது எனக்குப் பழக்கமில்லை. அவர் முகத்தில் அதை மடித்து வைத்து, பார்சலை அழுத்திப் பிடிப்பதுபோல அவர் அசைவது நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மகள் வாசலில் எதிர்ப்பட்டாள். அப்பா தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்றேன். தபால் ஆபீஸ் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தேன். பணம் வந்த வாரத்துக்குள் அனுப்பிவிடுவேன் என்று எழுதியிருந்தேன், அதன்படி அனுப்பிவிட்டேன்.

அவர் இறப்பதற்கு முன்பே 'மறைந்த' என்று எப்படி எழுதினாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். உங்களுக்கு அது ஒன்றுதான் கையில் கிடைத்திருக்கிறது. விதியைப் படித்துப் பாருங்கள் சார். எழுதும்போது எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. பொருள் கைமாறும்போது விவரம் சரியாக இருக்க வேண்டும். இருந்தது.

வாங்கியவர் எழுதிய கருத்தை உங்கள் போனில் காட்டினீர்கள். 'விவரமெல்லாம் படிக்கவில்லை. படத்தைப் பார்த்துப் பையனுக்குப் பிடித்துவிட்டது. பெட்டியை அன்றைக்கே கிழித்துவிட்டான். வாத்து சூப்பராக ஓடுகிறது.' ஐந்து நட்சத்திரம். காட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் உடைந்துபோவேன் என்று நினைத்திருப்பீர்கள். உடைந்துதான் போனேன், அந்தப் பெட்டியை நினைத்து.

மற்றபடி, படிக்க ஆளில்லை என்பதற்காகப் பொய் எழுதிவிட முடியுமா? டாக்டரின் மகள் வெளியே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். பாவம், அவளிடம் ஒன்று சொல்லுங்கள். அவள் அப்பாவைப் பற்றி நான் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.