நாற்பதைத் தாண்டினால்

மதியம் இரண்டு மணி. லாஸ்பேட்டை விமான நிலையத்துக்குப் பின்னால் போகிற சாலை. அந்த வெயிலில் ஒரு நாய்கூட இல்லை... பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? கிட்ட வந்து உட்காருங்கள். இது நம் லூயிஸின் அண்ணன், மெக்கானிக் ரிச்சர்டுக்கு நடந்தது.

அவன் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது ஆரோக்கியம் என்பவரின் பழைய வாடகைக் கார். கோரிமேடு ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளிகளை வீட்டில் கொண்டுபோய் விடுகிற வண்டி. வேகம் நாற்பதைத் தாண்டினால் போதும், பின்னாலிருந்து ஒரு முனகல். ம்ம்ம்ம்...

பின்சக்கரங்களைச் சுற்றவைக்கிற டிஃபரன்ஷியல்தான், அதன் பல் தேய்ந்திருக்கும் என்று ரிச்சர்ட் அடித்துச் சொன்னான். ஆயில் மாற்றினான். நிற்கவில்லை. பின்சக்கர பேரிங் இரண்டையும் மாற்றினான். ம்ஹூம். கடைசியில் டிஃபரன்ஷியலையே கழற்றிப் பிரித்தான்... பற்களில் ஒரு கீறல் இல்லை. இருந்தாலும் விழுப்புரம் வரை அலைந்து, வேறொன்றைப் பிடித்து வந்து மாட்டினான். இடுப்பு கழன்றுவிட்டது.

"மூணு வாரமா வண்டி உங்கிட்டயே கெடக்குது. ஒரு சத்தத்தப் புடிக்கத் தெரியல, நீ என்னா மெக்கானிக்கு?" அன்று காலையில் ஆரோக்கியம் நாலு பேர் எதிரில் கேட்டிருந்தார்.

முப்பத்தைந்து... நாற்பது... நாற்பத்தொன்று.

ம்ம்ம்ம்...

ரிச்சர்டுக்கு அழுகையே வந்துவிட்டது. ஸ்டீயரிங்கை ஓங்கிக் குத்தினான். வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தான்.

சக்கரம் நின்றது. சத்தம் நிற்கவில்லை.

ம்ம்ம்ம்... நடுவில் ஒரு மூச்சு. மறுபடியும்... ம்ம்ம்ம்.

கண்ணாடியில் பார்த்தான். பின்சீட் காலி. ஆனால் புண்ணுக்குப் போடுகிற மருந்து வாடை, கிரீஸ் நாற்றத்தையும் மீறிக் குப்பென்று அடித்தது. மூன்று வார எரிச்சல், பயத்தையும் முந்திக்கொண்டு வந்தது.

"எவன்டா அது? எறங்கித் தொலடா!" கத்திவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே குதித்தான்.

முனகல் பட்டென்று நின்றது. வண்டியின் பின்பக்கம்... கிறீச் என்று மெல்ல மேலே எழும்பியது. பின்சீட்டிலிருந்து ஆள் இறங்கினால் எழும்புமே, அப்படி. பின்கதவு திறக்கவே இல்லை.

சாவியைக்கூட எடுக்காமல் ஓடிவந்தவன்தான். ஜுரம். ஆரோக்கியமே ஆள் வைத்து வண்டியை எடுத்துப்போனார். மறுநாள் அவரிடமிருந்து ஃபோன்.

"ரிச்சர்டு, கில்லாடிப்பா நீ! சத்தம் சுத்தமா நின்னுபோச்சி. ஆனா ஒண்ணு... நான் தனியா ஓட்டறப்ப, முன்னாடி எடது பக்கம் மட்டும் அமுங்கிப் போவுது. பக்கத்துல யாரோ குந்தியிருக்கிறாப்ல. அந்த ஸ்பிரிங்க கொஞ்சம் பாத்துடேன்."