லைசென்ஸ் ரத்தாக ஒரு வழி

முட்டுக்கட்டையைக் குறை சொல்ல வேண்டாம், ஐயா. நல்ல வேலங்கட்டை, நானே தட்டிப் பார்த்து வாங்கியது. பள்ளம் ஆளுயரத்தைத் தாண்டினால் இரண்டு பக்கமும் பலகை சார்த்தி, நடுவில் அந்தக் கட்டையைக் கொடுத்து இறுக்குவோம். மண் சரியாது. செல்லூர்ச் சாக்கடை வேலையிலும் அப்படித்தான் இறுக்கியிருந்தேன்.

கீழக்குயில்குடியிலிருந்து இருபத்திரண்டு பேரைக் கூட்டி வந்த மேஸ்திரி நான். லைசென்ஸ் எடுத்தவர் கண்டிராக்டர் சுடலைமுத்து. ஏழு வாரம் அவர் கூலி தரவில்லை. யுத்தத்தில் அரிசி விற்ற விலை உங்களுக்குத் தெரியும். ஜனங்கள் புளியங்கொட்டையை வறுத்துத் தின்றார்கள். ஐந்தாவது வாரம் முருகம்மாளின் பிள்ளை செத்தது. அவள் அழவில்லை. "உங்க வாய நம்பித்தான வந்தோம். கண்டிராக்டரும் நீங்களும் ஆளுக்கு எம்புட்டுப் பங்கு போட்டீக?" என்று கேட்டாள். நான் ஒரு காசும் வாங்கவில்லை. அதை ஒருவரும் நம்பவில்லை.

லைசென்ஸ் கொடுத்த ஆபீசில் மூன்று மனுக் கொடுத்தேன். குமாஸ்தா வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "கூலி பாக்கிக்கெல்லாம் எங்க ரத்தாகப் போகுது, மேஸ்திரி? வேலையில ஆள் செத்தா மறுநாளே ரத்து. டிபாசிட்டும் பறிமுதல்." வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனாலும் சட்டம் சட்டம்தானே.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் நான் அவசரப்படவில்லை. பெண்களை விட்டேன். பிள்ளைகுட்டிக்காரர்களை விட்டேன். பேயாண்டிக்கு யாரும் இல்லை. நல்ல பையன், பசியிலும் பாட்டை நிறுத்த மாட்டான். இரண்டு நாள் மழையில் மண் ஊறியிருந்தது. மற்றவர்களைத் தெருமுனையில் மண் அள்ளச் சொல்லிவிட்டு, அவனை மட்டும் பள்ளத்தில் இறக்கினேன். காலை பத்து மணி இருக்கும். மேலே நின்று சம்மட்டியால் கட்டையைத் தட்டினேன்.

"என்னண்ணே, முட்டு ஆடுது?"

"மாத்திக் குடுக்கப் போறேன் மாப்ள. நீ வெட்டு."

"பாத்துண்ணே. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை" என்று சிரித்தான்.

அப்போது தெருமுனையில் கண்டிராக்டரின் வண்டி வந்து நின்றது. "ஏழு வாரக் கூலியும் வந்துருச்சு, வாங்க!" என்று ரெங்கம்மாள் கூவினாள். என் மூன்றாவது மனுவைப் பார்த்து ஆபீசில் அவரைக் கூப்பிட்டு மிரட்டியிருக்கிறார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பேயாண்டி மண்வெட்டியைப் போட்டுவிட்டான். "கையக் குடுங்கண்ணே, ஏறிக்கிறேன்" என்றான்.

அந்தக் கை எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கட்டை விழ இன்னும் ஓர் அடி பாக்கி. அடித்தேன்.

மறுநாள் லைசென்ஸ் ரத்தானது. குமாஸ்தா சொன்னது பொய்யில்லை.

கூலிதான் வந்துவிட்டதே, ஏன் நிறுத்தவில்லை என்கிறீர்கள். நியாயமான கேள்வி. நீங்களே யோசித்துப் பாருங்கள், ஐயா. கூலியைக் கொடுத்துவிட்டால் அவர் யோக்கியர் ஆகிவிடுவார். அப்புறம் முருகம்மாளின் பிள்ளைக்கு நான் ஒருத்தன்தானே பதில் சொல்ல வேண்டும்?