வியாழக்கிழமைத் துணை

ஆப்பிள் சாறைப் புளிக்கவைத்து எடுக்கிற சைடரை அளவுக்கு மீறிக் குளிரவைத்தால் அதன் வாசனை செத்துவிடும். இந்த யாக்கிமா ஊரில் பாதிக் கடைக்காரர்களுக்கு இது தெரியாது. ஆப்பிளும், பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற ஹாப்ஸ் கொடியும் எங்கள் பள்ளத்தாக்கில்தான் விளைகின்றன, இருந்தும் பக்குவமாக ஊற்றிக் கொடுக்கத் தெரிந்தவர்கள் சிலர்தான். அந்தச் சிலரைத் தேடித்தான் ஓரினும் நானும் வியாழக்கிழமைதோறும் கிளம்புவோம். நீங்கள் அவனைப் பற்றித்தானே விசாரிக்க வந்திருக்கிறீர்கள், மேடம். உட்காருங்கள், சொல்கிறேன்.

ஓரின் ஹால்வர்சன் பள்ளிக்கூடத்தில் வாத்தியக் குழுவை நடத்தியவன். நான் பழக் கிடங்கில் குளிர்பதன இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் மனைவி இறந்துவிட்டாள். கிர்ஸ்டன் என்று ஒரு மகள், அவளுக்கு டோபி என்று ஒரு சின்னப் பையன். ஓரினும் நானும் ஓய்வு பெற்ற பிறகு, ஊரில் பீரோ சைடரோ ஊற்றிக் கொடுக்கிற எந்தக் கடை புதிதாகத் திறந்தாலும் முதல் வாரமே போய் உட்கார்ந்துவிடுவோம். பழைய தீயணைப்பு நிலையத்தில் ஒன்று, ரயில் பாதையோரத் தகரக் கொட்டகையில் ஒன்று, தோட்டத்துக்கு நடுவே சைடர் மட்டும் விற்கிற கடை ஒன்று. ஓரின் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடுவான். "இதுல டிராம்போன் ஜாஸ்தி, கிளாரினெட் பத்தல" என்று வாத்தியக் கணக்கில் ருசி சொல்வான். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிச் சிரிப்பார்கள், தங்கள் குவளையையும் நீட்டி அபிப்பிராயம் கேட்பார்கள். அதற்கு முன்பு நான் உட்கார்ந்திருந்த எந்த மேஜைப் பக்கமும் யாரும் திரும்பியதில்லை.

பிறகு அவனுக்கு ஈரல் கெட்டது. இன்னும் குடித்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஓரின் அன்றோடு நிறுத்தினான். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் குடியை விட்டவர்கள் கூடுவார்களே, அங்கேயும் போக ஆரம்பித்தான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமைகளில் என்னோடு வருவதை அவன் விடவில்லை. புளிக்காத ஆப்பிள் சாறு குடிப்பான். தோட்டத்துக் கடையில் ஊற்றிக் கொடுக்கிற பெண் ரோசால்வா அவனைச் சீண்டுவாள்.

"என்ன வாத்தியாரே, இன்னைக்கும் பச்சப்புள்ள பானம்தானா?"

"ஆமாம்மா, பல்லு முளைக்கிற வரைக்கும் இதேதான்."

அந்தச் சிரிப்பு அத்தோடு முடிந்துவிடும். மேஜைக்கு வந்தால் டோபியின் நீச்சல் வகுப்பைப் பற்றிப் பேசுவான், கீழ்த்தளத்துப் புது நண்பர்களைப் பற்றிப் பேசுவான். கடிகாரத்தைப் பார்ப்பான். டிராம்போனும் இல்லை, கிளாரினெட்டும் இல்லை. ஒருநாள் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டான்: "லீலண்ட், அடுத்த வாரத்துலேர்ந்து காப்பிக் கடைக்குப் போனா என்ன?"

"பார்க்கலாம்பா" என்றேன்.

அவனுக்கு முழங்கால் வலி. அதனால் கவுன்ட்டரிலிருந்து குவளைகளை எடுத்து வருவது எப்போதும் நான்தான். அடுத்த வியாழக்கிழமை வழியில் ஜன்னல் மேடையில் இரண்டையும் வைத்து, என்னுடையதிலிருந்து கொஞ்சம் அவனுடையதில் ஊற்றினேன். ரோசால்வா இதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறாள். நல்ல பெண், பொய் சொல்ல மாட்டாள். திருட்டுத்தனமாக ஊற்றினேன் என்றாளாமே, அது மட்டும் சரியில்லை. நான் பதறவோ அவசரப்படவோ இல்லை. அப்போதே ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். நாங்கள் இருவரும் பேசிவைத்துக்கொண்டு மருத்துவரை ஏமாற்றுகிறோம் என்று நினைத்திருக்கிறாள்.

நுரைக்காத இனிப்பு சைடரை அந்தச் சாறோடு கலந்தால் நிறம்கூட மாறாது. "இன்னைக்குச் சாறு நல்லாருக்கே" என்றான் ஓரின். வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தான். வாரம் போகப்போக அளவைக் கூட்டினேன். பிறகு என் சட்டைப்பையில் ஆப்பிள் பிராந்தி கொஞ்சம் கொண்டுபோனேன். மறுபடியும் அவன் வாயிலிருந்து கிளாரினெட் வந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் மறுபடியும் திரும்பினார்கள். அவனுக்கு வேண்டியிருந்ததைத்தான் கொடுத்தேன், அவன் வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமைகளில் திரும்பும் வழியில் டோபியை நீச்சல் குளத்திலிருந்து தன் வண்டியில் கூட்டிவருவது அவன் பொறுப்பு. எனக்கு அது தெரியும். வசந்த காலத்தில் ஒருநாள் கிர்ஸ்டனுக்கு அவன் மூச்சில் வாடை அடித்திருக்கிறது. மருந்துக் கடையில் ஊதிப் பார்க்கும் கருவி வாங்கி வைத்து, அடுத்த வாரம் வாசலிலேயே நிறுத்தி ஊதச் சொன்னாள். சிவப்பு விளக்கு எரிந்தது. என்னையும் வரவழைத்தாள். அவள் வீட்டுச் சமையலறையில் மூன்று பேரும் நின்றோம்.

"பொய் சொல்லாதீங்கப்பா. டோபி வண்டில இருந்தான்."

"சத்தியமா ஒரு சொட்டு குடிக்கலம்மா. லீலண்டக் கேளு. அவன்தான் கூட இருந்தான்."

"அங்கிள், நீங்க சொல்லுங்க."

"நான் பார்க்கலம்மா" என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் சொன்னேன். நண்பனைக் காப்பாற்றுகிறவர்கள் தயங்குவார்களே, அந்த மாதிரி. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அவனிடமிருந்த தன் வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். டோபி மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

என் வண்டியில் ஏறியதும் ஓரின் என் பக்கம் திரும்பினான்.

"லீலண்ட், எனக்கு மூளை குழம்புதா? எங்கேயோ குடிச்சிட்டு மறந்துடறேனா?"

சொல்லிவிட அது நல்ல சமயம்தான். அப்போதும் எனக்கு அது தெரிந்தது. "நம்ம வயசுல அதெல்லாம் நடக்கிறதுதான்பா" என்று அவன் தோளில் கை வைத்தேன். அவன் என்மேல் சாய்ந்து அழுதான். அத்தனை வருடப் பழக்கத்தில் அவன் என்னிடம் அவ்வளவு நெருங்கி வந்தது அன்றுதான்.

அடுத்த வியாழக்கிழமை அவனே கவுன்ட்டருக்கு நொண்டிக்கொண்டு போனான். "நம்பாதவங்களுக்காக எதுக்கு நாக்கக் காயப்போடணும்? பெருசா ஒண்ணு ஊத்தும்மா" என்றான். ரோசால்வா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அதற்குப் பிறகு நான் அவன் குவளையில் எதையும் கலக்கவில்லை. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். வியாழன் மட்டும் இல்லை, செவ்வாய், ஞாயிறு என்று அவனே கூப்பிட ஆரம்பித்தான். கீழ்த்தளத்து நண்பர்கள் யாரும் அவனைத் தேடி வரவில்லை. நல்ல கோடைக்காலம் அது.

ஹாப்ஸ் அறுவடையின்போது ஊரே கசப்பாக மணக்கும். பச்சை ஹாப்ஸ் போட்ட பீர் அந்தச் சில வாரங்களுக்குத்தான் கிடைக்கும். தகரக் கொட்டகைக் கடையின் முற்றத்தில் பகல் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். ஓரின் இருமினான், சட்டையெல்லாம் ரத்தம். ஆம்புலன்ஸை நான்தான் கூப்பிட்டேன், தாமதிக்கவில்லை. வண்டியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "கிர்ஸ்டன்கிட்ட சொல்லு. அன்னைக்கு நான் குடிக்கல. நீயாவது சொல்லு" என்றான். சொல்கிறேன் என்றேன். அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவருவதற்குள் அவன் போய்விட்டான்.

தாழ்வாரத்தில் அவள் கேட்டாள்: "அப்பா கடைசியா ஏதாவது சொன்னாரா அங்கிள்?"

யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னதை அப்படியே சொன்னால் அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கத் தூங்க மாட்டாள்.

"தப்புப் பண்ணிட்டேன், என்னை மன்னிச்சிடச் சொல்லுன்னார்மா."

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மன்னிச்சிட்டேம்ப்பா, மன்னிச்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அடக்கத்தின்போது அவனைப் பற்றிப் பேச என்னைத்தான் கூப்பிட்டாள்.

அவனைக் கெடுத்தது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் செய்யாத தப்புக்குக்கூட மன்னிப்பு வாங்கிக் கொடுக்கிற நண்பன் எத்தனை பேருக்கு வாய்ப்பான், நீங்களே சொல்லுங்கள்.